உங்களுக்குத் தெரியுமா? இங்கிலீஷ் பீரியடும் அறுந்த இழையும்

ஆரணியில் தறிச்சத்தம் விடியும் முன்பே எழுந்துவிடும். தறி ஓடும் வீடுகளிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மைதானத்தில் போடும் சத்தமும் குறைந்ததல்ல. ஆனால் இங்கிலீஷ் பீரியடில், "யாரு எழுந்து படிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே தலை குனிந்து டெஸ்குக்கு அடியில் எதையோ தேடும். அந்தத் தேடலைப் பற்றிச் சில துணுக்குகள்.

ஆரணியைத் தப்பாக எழுதியவர்கள்

1751 டிசம்பர் 3 அன்று ஆரணி அருகே ஆங்கிலேயர் ராபர்ட் கிளைவின் படையும், சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப்பின் படையும் மோதின. வென்றவர் கிளைவ். ஆங்கில வரலாற்று நூல்களில் அது 'ஆர்னி' சண்டை. நடுவில் இருந்த அகரத்தை விழுங்கி, 'ணி'யை 'னி' ஆக்கிவிட்டார்கள். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதும், திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாபொலி' ஆனதும் இப்படித்தான். இதற்காக அவர்களை யாரும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆங்கில 'ஸ்பெல்லிங்' அரசாங்கத்துக்கே இழுபறிதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை எம்மாத்திரம்?

நடுக்கத்தை அளக்க 33 வரிகள்

வேற்றுமொழி வகுப்பில் வரும் பயம் தனி ரகம் என்று சொன்னவர்கள் எலெய்ன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோஆன் கோப் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள். ஆண்டு 1986. கணக்கிலும் அறிவியலிலும் கலக்கமே இல்லாத மாணவர்கள்கூட மொழி வகுப்பில் வியர்த்துப்போவதை அவர்கள் கவனித்தார்கள். அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். 'என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தாலே நடுங்குகிறேன்', 'நான் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள்' என்ற தோரணையில் போகும் வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆக, மிகக் குறைந்த பயம் 33, உச்சப் பயம் 165. உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் கையில் எடுப்பது இந்தப் படிவத்தைத்தான்.

முப்புரி

அந்த ஆய்வாளர்கள் பயத்தைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று புரி கிடைத்தது. ஒன்று, வாயைத் திறந்து பேசுவதில் இருக்கும் கூச்சம். இரண்டு, பரீட்சைப் பயம். மூன்று, 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்ற பயம். மூன்றில் ஒன்றுகூட மொழியின் கடினத்தைப் பற்றியது அல்ல என்பதைக் கவனியுங்கள். மூன்றுமே எதிரில் இருக்கும் ஆளைப் பற்றியவை.

"வீட்ல சொன்னேன் மிஸ், இங்க மறந்துபோச்சு"

இது பொய் என்று நினைத்துத் திட்டாதீர்கள். மனதில் ஒரு நேரத்தில் வைத்து வேலை பார்க்கக்கூடிய இடம் மிகச் சிறியது. வேற்றுமொழியில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமானால் சொல், வரிசை, காலம், உச்சரிப்பு எல்லாவற்றையும் அந்தச் சிறு திண்ணையிலேயே உட்கார வைக்க வேண்டும். 'தப்பாயிடுமோ' என்ற கவலை வந்து பாதித் திண்ணையில் கால் நீட்டிக்கொண்டால் சொற்களுக்கு எங்கே இடம்? பீட்டர் மேக்கின்டயர், ராபர்ட் கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் இதை மூன்று கட்டமாகப் பார்த்தார்கள். பயம் காதில் விழுவதையும் மறைக்கும், மனதில் அசைபோடுவதையும் குலைக்கும், வாயில் வருவதையும் தடுக்கும். நாம் பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டும்.

கொஞ்சம் பயம் வேண்டாமா?

வேண்டும் என்கிறது 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த சோதனை. தூண்டுதல் மிகக் குறைந்தால் எலி மெதுவாகத்தான் கற்றது. அளவு மீறினாலும், கடினமான வேலையைக் கற்கத் திணறியது. இதை ஆரணிக்காரர்களுக்கு எலி வைத்து விளக்க வேண்டியதில்லை. பாவு தொய்ந்தால் நெசவு நெகிழும், விறைப்பு கூடினால் இழை தெறிக்கும். எவ்வளவு இழுப்பது என்பது கைக்குத் தெரிய வேண்டும்.

இஸ்கூலும் இராமனும்

'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. ஆனால் அது முட்டாள்தனம் அல்ல, இலக்கணம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ரகர, லகர வரிசையும் சொல்லின் முதலில் வராது. அதனால்தான் 'ராம'னுக்கு முன்னே ஓர் இகரம் போட்டு 'இராமன்' ஆக்கினோம். 'ரங்க'னை 'அரங்கன்' ஆக்கினோம். கம்பன் செய்தால் தமிழ் மரபு, வகுப்பில் கண்ணன் செய்தால் 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்'!

ஸ்பானிய மொழியிலும் இதே பழக்கம் உண்டு. அவர்களுடைய மொழியில் பள்ளிக்கூடமே 'எஸ்குவேலா'தான்.

26 எழுத்து, 44 ஒலி

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். ஆனால் ஒரு முறை கற்றுவிட்டால், பார்த்ததைப் பெரும்பாலும் அப்படியே படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்து 26-தான். ஒலிகளோ ஏறத்தாழ 44. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு குரலில் பேசும், சில எழுத்துகள் வந்து உட்கார்ந்து வாயே திறக்காது. இன்னொன்றும் உண்டு. தமிழில் 'ப' ஒன்றுதான். 'பல்' என்பதில் ஒரு மாதிரியும் 'அம்பு' என்பதில் வேறு மாதிரியும் அதுவே ஒலிக்கும், இடம் பார்த்து நாக்கு தானே மாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. அதைப் பிரித்துக் கேட்கக் காதுக்கே புதிதாகப் பழக்கம் வேண்டும். காது பழகும் முன் நாக்கை அடிப்பதில் பயனில்லை.

கெட்டிலில் தோற்ற காந்தி

ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு. ஜைல்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அதில் ஒன்று வெந்நீர் போடும் 'கெட்டில்'. மோகன்தாஸ் தப்பாக எழுதினார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று ஆசிரியரே பூட்ஸ் நுனியால் சாடை காட்டினார். பையனுக்கு அது புரியவில்லை. வகுப்பில் எல்லோரும் சரி, அவர் மட்டும் தப்பு. நான்காம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது திக்குத் தெரியாமல் நின்றதையும் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கதையில் பையனைவிட அதிகம் பயந்தவர் யார் என்று பாருங்கள். ஆய்வாளருக்கு முன்னே நின்ற ஆசிரியர்!

டீச்சருக்கும் உதறும்

ஆம், இதற்கும் ஆய்வு உண்டு. தாய்மொழி அல்லாத மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதே பதற்றம் வரும் என்று 1996-இல் எலெய்ன் ஹார்விட்ஸ் எழுதினார். தமிழ் வழியில் படித்து வந்து ஆங்கிலப் பாடம் எடுக்கும் ஆசிரியர், தெரியாத உச்சரிப்பு வந்தால் அந்த வரியைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லித் தப்பிப்பார். 'இந்தச் சொல் எனக்கும் சந்தேகம்தான், அகராதியைப் பார்ப்போமா?' என்று ஒரு நாள் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் பாரம் குறையும்.

இங்கிலீஷ் கவிழ்த்த கணித மேதை

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர ஆங்கிலம் முதலிய பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் எந்த மொழியில்? அதே ஆங்கிலத்தில்தான். ஐந்தே ஆண்டில், 1918-இல், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

மணலில் உட்கார்ந்த வெள்ளைக்காரர்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் மாணவர்களையும் தன் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பத்தாண்டு முடிவதற்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகிவிட்டது. மணலில் ஒரு வசதி உண்டு. தப்பாக எழுதினால் கையால் தடவிவிடலாம், சிவப்பு மை சுழிக்காது.

வேட்டி கட்டாத தமிழ்ச் சொற்கள்

கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர், மிளகுத்தண்ணி. நான்கும் உருமாறி ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன. மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' ஆகிவிட்டது. பிள்ளை அதைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் பயப்படும். சொல்லிக் கொடுங்கள், நம் வீட்டு ரசத்தின் தூரத்துச் சொந்தம் என்று.

தறிக்குள் ஒரு பிரெஞ்சுக்காரர்

ஆரணித் தறிகளின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் 'ஜக்காடு' ஒரு மனிதரின் பெயர். பிரான்சில் பட்டுக்குப் பெயர்போன லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார், 1804-இல் துளையிட்ட அட்டைகளால் பூவேலை செய்யும் பொறியைக் கொண்டுவந்தார். அந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரின் பாட்டனார் ஒரு தறி என்று சொல்வது அதனால்தான். ஜரிகை பாரசீகத்துப் பொன், புட்டா வடக்கிலிருந்து வந்தது. பிரெஞ்சும் பாரசீகமும் இந்தியும் நெசவாளர் நாவில் நாள்தோறும் புழங்குகின்றன. யாரும் உச்சரிப்புக்கு மார்க் போடவில்லை, அதனால் யாருக்கும் பயம் வரவில்லை.

மூன்றாவது மொழி, முதல் பயம்

ஆரணி மாதிரியான நெசவு ஊர்களில் தமிழ்க் குடும்பங்களோடு, வீட்டுக்குள் தெலுங்கு அல்லது சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் பேசுவோர் நாட்டில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர், பெரும்பாலோர் தமிழ்நாட்டில். அந்த வீட்டுப் பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டே தமிழ் கற்றுவிடுகிறது. 'தமிழ் வகுப்பு' என்று யாரும் மணி அடிக்கவில்லை. ஐந்து வயதுக்குள் இரண்டு மொழியைக் கைவசமாக்கிய அதே பிள்ளை, மூன்றாவது மொழியில் வந்து தடுமாறுகிறது. 'இவனுக்கு மொழி வராது' என்று சொல்லும் முன் வீட்டில் என்ன பேசுகிறான் என்று ஒருமுறை கேட்கலாம்.

மூன்று விநாடி வைத்தியம்

ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் 1970-களில் மேரி பட் ரோ அளந்து பார்த்தார். சுமார் ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னார். பதில்கள் நீளமாயின, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், 'தெரியாது' என்ற பதில் குறைந்தது. அது அவரவர் மொழியில் கேட்ட கேள்வி. வேற்றுமொழியில் கேட்டால் பிள்ளை முதலில் கேள்வியைத் தமிழாக்கி, பதிலை நினைத்து, திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

கடலூரில் நடந்த சோதனை

'டாஸ்க்' கொடுத்து மொழி கற்பிக்கும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதன் பிள்ளையார்சுழிகளில் ஒன்று நம் பக்கத்தில் போடப்பட்டது. என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணப் பயிற்சி இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்து, 'எந்த வண்டியைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம்?' என்ற மாதிரிப் புதிர்கள். பிள்ளையின் மூளை விடையில் இருக்கும், மொழி பின்வாசல் வழியே உள்ளே வரும். பேசித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'பெங்களூர்த் திட்டம்' என்றே உலகம் அதை அழைக்கிறது, பாவம் கடலூர்!

கரும்பலகை கீழே இறங்கியது

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. கற்றல் அட்டைகள், ஏணிப்படி வரிசை, பிள்ளையின் வேகத்தில் பிள்ளை. சுவரில் கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது, ஆசிரியர் பாயில் வந்து உட்கார்ந்தார். எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கிற சடங்கு குறைந்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 8 வயதுக்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை கைவர வேண்டும் என்று இலக்கு வைத்தது.

பயமில்லாமல் படிப்பது சட்டம்

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் என்றால் இலவசக் கல்வி மட்டும்தான் பலருக்கு நினைவு வரும். அதன் 29-ஆம் பிரிவு பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. குழந்தையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் இவற்றிலிருந்து விடுவிக்க வேண்டும், தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். 17-ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது.

எழுத்து நூறு, பேச்சு சைபர்

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். எல்லாமே எழுத்தில். பேச்சுக்கென்று அதில் இடமில்லை. கேட்காத கேள்விக்கு யார் தயாராவார்கள்? 90 மார்க் வாங்கிய பெண், செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போய் நேர்காணலில் தன் பெயரைச் சொல்லத் திணறினால் அதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். உலகம் முழுக்க எழுதப்படும் ஜே.எல்.பி.டி. ஜப்பானிய மொழித் தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது.

2,000 போதும்

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான சொற்கள் என்று மலைக்காதீர்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, எந்தச் சொற்கள் உண்மையில் தேவை என்று ஆராய்ந்தார். 1953-இல் வெளிவந்த அவரது பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரணப் புத்தகத்தில் பத்துச் சொல்லில் எட்டு அதற்குள் அடங்கிவிடும்.

'பீட்டர்' என்ற வசை

நம் ஊரில் இந்தப் பயத்துக்கு இரண்டு பக்கமும் கூர். தப்பாகப் பேசினால் சிரிப்பு. சரியாகப் பேசினால், "டேய், பீட்டர் விடுறான் பாரு!" பேசாமல் இருப்பவனை மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. பிறகு எவன் பேசுவான்?

சிங்கப்பூரில் தலைகீழ்

அங்கே தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டிலேயே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். தமிழ் வகுப்புதான் கூச்சம். ஏடு முழுக்கச் செந்தமிழ், வாயிலோ அது வருவதில்லை. 2005-இல் அந்நாட்டுத் தமிழ்ப் பாடத்திட்ட ஆய்வுக் குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. 'வந்துவிட்டேன்' வராவிட்டால் 'வந்துட்டேன்' வரட்டும்!

மகிழ்ச்சி பயத்தின் எதிரி அல்ல

ழான்-மார்க் டெவலே, பீட்டர் மேக்கின்டயர் இருவரும் 2014-இல், பல நாடுகளில் மொழி கற்கும் 1,746 பேரிடம் கேட்டறிந்து எழுதினார்கள். பயம் குறைந்தால்தான் மகிழ்ச்சி வரும் என்பதில்லை, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கலாம். திருவிழாவில் ராட்டினம் ஏறும் பிள்ளையைப் பாருங்கள். அலறிக்கொண்டே சிரிக்கும். பயத்தை ஒழித்துவிட்டுத்தான் பாடம் என்று காத்திருக்க வேண்டாம், பாடத்தில் ஒரு விளையாட்டைச் சேருங்கள்.

இழை அறுந்தால்

தறியில் இழை அறுவது தினப்படி. அறுந்தால் நெசவாளர் பாவைத் திட்டுவதில்லை, அறுந்த இழையை ஊர் கூட்டிக் காட்டுவதில்லை. தறியை நிறுத்துகிறார், இரண்டு முனையையும் விரலில் பிடித்து முடிகிறார், மறுபடி மிதிக்கிறார். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அந்த வேலையில் அவசரப்படுபவர் யாரும் இல்லை. அந்தப் பொறுமை அப்படியே தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போகலாம்.

சிரிக்காத காது

1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு திட்டம் தொடங்கியது. வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள், பழக்கிய நாய்களுக்குக் கதை படித்துக் காட்ட வேண்டும். நாய் திருத்தாது, சிரிக்காது, எழுந்தும் போகாது. பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தார்கள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்க எப்படிச் சொல்லித் தர்றது?" என்று வருந்தும் ஆரணி அப்பா அம்மாக்களுக்கு இது நல்ல சேதி. தெரியாது என்பதே உங்கள் தகுதி. மாலையில் தார் சுற்றும் பாட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டி ராட்டினத்தை விட்டுக் கண் எடுக்க மாட்டாள். தப்பு எது, சரி எது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நாய் செய்யாத ஒன்றை அவள் செய்வாள். இடையில் ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள்:

"அப்டின்னா இன்னாடா கண்ணு?"

பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் புரிந்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அங்கே டீச்சர் யார் என்று பாருங்கள்.